ஆய்வுத்தாளிலிருந்து மாத்திரைப் பை வரை: தோட்டப்பட்டணக் கிளினிக்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் போன்ற ஒரு பட்டணத்தில் இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கும் டாக்டர், மருத்துவ உதவி அதிகாரி, தாதி, மருந்தாளர் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். தோட்டத்து மருத்துவ உதவியாளரை இன்றும் எல்லோரும் டிரஸர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கும் இது பயன்படும்.

காலை எட்டு மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும் இடத்தில் உட்கார்ந்து, வெளியாகும் ஆய்வுகளை எல்லாம் படித்துவிட யாராலும் முடியாது. முயலவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு கேள்வியை எடுத்து, அதற்கான பதில் நோயாளியின் மாத்திரைப் பைக்குள் போய்ச் சேரும்வரை விடாமல் துரத்தினால் போதும். படிக்கும் இடத்தில் தவறுகிறவர்கள் குறைவு. படித்ததற்கும் அந்தப் பைக்கும் நடுவில்தான் காரியம் கெடுகிறது.

கேள்வி பெஞ்சிலிருந்து வரட்டும்

கேள்வி புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த செய்தியிலிருந்தோ, மருந்து நிறுவனப் பிரதிநிதி வைத்துவிட்டுப் போன வழவழப்பான அட்டையிலிருந்தோ பிறந்தால் அது அவர்களுடைய கேள்வி. உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து பிறந்தால்தான் உங்களுடையது.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். 58 வயது அம்மா. முன்பு பால்மரம் வெட்டியவர். பத்து வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு), கூடவே ரத்தக் கொதிப்பு. நெஞ்சு வலி, பக்கவாதம் எதுவும் வந்ததில்லை. மருந்துப் பட்டியலில் ஆஸ்பிரின் 100 மில்லிகிராம் இருக்கிறது. யார், எப்போது, ஏன் தொடங்கினார்கள் என்று கோப்பில் ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு முறையும் முந்தைய சீட்டைப் பார்த்து எழுதி எழுதியே வந்திருக்கிறது.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு நான்கு வரி எழுதுங்கள். யாருக்கு: இனிப்பு நீர் உண்டு, இதய நோய் இல்லை. எதை: தினம் ஆஸ்பிரின். எதற்குப் பதிலாக: ஆஸ்பிரின் இல்லாமல். எது நடக்க: மாரடைப்பும் பக்கவாதமும் குறைய வேண்டும், ரத்தக் கசிவு கூடக்கூடாது. நான்காவது வரியில் நன்மையையும் கேட்டையும் சேர்த்தே எழுதுங்கள். நன்மையை மட்டும் எழுதிவிட்டுத் தேடினால் நன்மை மட்டும்தான் கண்ணில் படும்.

தேட 15 நிமிடம்

முதலில் சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டி ஏடுகள். அவற்றைத் தயாரிக்கும் பிரிவின் சுருக்கப் பெயர் மாஹ்தாஸ். அமைச்சின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் சில பக்கச் சுருக்கமும் உண்டு. அட்டையில் இருக்கும் ஆண்டை முதலில் பாருங்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்கான ஆறாம் பதிப்பு 2020-இல் வந்தது, ரத்தக் கொதிப்புக்கான ஐந்தாம் பதிப்பு 2018-இல். அந்த ஆண்டுக்குப் பின் வந்த ஆய்வு அந்தப் பதிப்புக்குள் இருக்க முடியாது.

அங்கே பதில் இல்லை அல்லது பழையது என்றால் அடுத்தது காக்ரேன் தொகுப்பாய்வுகள். ஒரே கேள்விக்கான ஆய்வுகளை எல்லாம் தேடிச் சலித்து ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தவை இவை. எளிய மொழிச் சுருக்கங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம். சில மலாயிலும் தமிழிலும்கூட உண்டு. தொண்டை வலிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் தொந்தரவு சராசரியாகச் சுமார் 16 மணி நேரம்தான் முன்னதாகத் தீர்கிறது என்பது அப்படிப்பட்ட ஒரு தொகுப்பின் முடிவு. (இங்கே தொண்டை வலியோடு வருகிற பலருக்கு வேண்டியது எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டுதான். அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி ஆன்டிபயாட்டிக் சீட்டுக்கு வேலையே இருக்காது.)

மூன்றாவதாகத்தான் பப்மெட் என்ற ஆய்வுத்தாள் தேடுதளத்தில் மூல ஆய்வு. 15 நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால் நோட்டில் குறித்துவிட்டு, மாவட்டத்தில் இருக்கும் குடும்ப மருத்துவ நிபுணரிடம் கேளுங்கள். அதுவும் தேடல்தான்.

விழுக்காட்டை நம்பாமல் ஆட்களை எண்ணுங்கள்

அந்த அம்மாவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் தரும் ஆய்வு ஒன்று உண்டு. 2018-இல் வெளியான அசெண்ட் ஆய்வு. பிரிட்டனில் 15,480 பேர். எல்லோருக்கும் நீரிழிவு உண்டு, யாருக்கும் இதய நோய் இல்லை. பாதிப் பேருக்குத் தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சராசரியாக 7.4 வருடம் கவனித்தார்கள்.

மாரடைப்பு, பக்கவாதம், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும் சிறு பக்கவாதம், ரத்தக்குழாய் நோயால் மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள், வெற்று மாத்திரைக் குழுவில் 9.6%, ஆஸ்பிரின் குழுவில் 8.5%. பெரிய ரத்தக் கசிவு வந்தவர்கள் முறையே 3.2%, 4.1%.

விளம்பர அட்டை இதை '12% குறைகிறது' என்று போடும். அது பொய்யில்லை, ஆனால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. கைப்பேசியை எடுத்துக் கழித்துப் பாருங்கள். 9.6-இல் 8.5 போனால் 1.1. நூறை 1.1-ஆல் வகுத்தால் 91. அதாவது 91 பேர் ஏழு வருடத்துக்கு மேல் விழுங்கினால் ஒருவர் தப்பிக்கிறார். அடுத்து, 4.1-இல் 3.2 போனால் 0.9. நூறை 0.9-ஆல் வகுத்தால் 111. ஆக, 111 பேருக்கு ஒருவர் வீதம் பெரிய ரத்தக் கசிவு கூடுகிறது. ஆயிரம் பேர் கணக்கில் சொன்னால் 11 பேருக்கு நன்மை, 9 பேருக்குக் கேடு. ஏறக்குறைய ஈடு. இந்த அம்மா மூட்டு வலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர் என்றால் தராசு கேட்டின் பக்கம்தான் சாயும்.

கழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆய்வு எதை அளந்தது? மரணத்தையும் மாரடைப்பையுமா, அல்லது ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் ஓர் எண்ணையா? 1980-களில் மாரடைப்புக்குப் பின் வரும் தாறுமாறான துடிப்பை அடக்க ஃப்ளெகைனைடு, என்கைனைடு என்ற மருந்துகளைக் கொடுத்தார்கள். துடிப்பு அடங்கியது. காஸ்ட் என்ற ஆய்வில் எண்ணிப் பார்த்தபோது மாத்திரை எடுத்தவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். 1989-இல் அந்த ஆய்வில் அவற்றைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். எண் அழகாவது வேறு, ஆள் பிழைப்பது வேறு.

நம்ம ஆள் அந்த ஆய்வுக்குள் இருந்தாரா?

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கே. 2015-இல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,361 பேர் இருந்தார்கள். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140-க்குக் கீழ் வைத்தவர்களைவிட 120-க்குக் கீழ் கொண்டுவந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் குறைந்தன. வருடத்துக்கு 2.19% என்பது 1.65% ஆனது. ஆயிரம் பேரில் வருடத்துக்கு ஐந்து பேர். மதிக்கத்தக்க பலன்தான். ஆனால் நீரிழிவு உள்ளவர்களையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. நம் பெஞ்சில் கொதிப்பும் இனிப்பு நீரும் சேர்ந்தே இருப்பவர்கள்தான் அதிகம். தேசிய அளவாய்வுகளில் நீரிழிவு இந்தியர்களிடம்தான் மிக அதிகமாகக் காணப்படுகிறது.

அப்படியானால் நீரிழிவு உள்ளவர்களுக்கு? 2010-இல் அக்கார்ட் ஆய்வு 4,733 பேரை வைத்துப் பார்த்தது. பக்கவாதம் குறைந்தது, ஆனால் ஒட்டுமொத்தக் கணக்கில் தெளிவான பலன் இல்லை. 2024-இல் சீனாவில் 12,821 பேரை வைத்து நடந்த பிபிரோட் ஆய்வு, பலன் உண்டு என்றது: வருடத்துக்கு 2.09% என்பது 1.65% ஆனது. கூடவே தலைசுற்றும் அளவுக்கு அழுத்தம் இறங்குவதும், பொட்டாசியம் ஏறுவதும் கூடின. ஒரே கேள்விக்குப் பதினான்கு வருடத்தில் பதில் நகர்ந்திருக்கிறது. அதனால்தான் நோட்டில் பதிலுக்குப் பக்கத்தில் தேதியையும் போடச் சொல்கிறோம்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. ஸ்பிரிண்டில் அழுத்தத்தை அளந்த முறை: ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியில் மூன்று முறை எடுத்துச் சராசரி. பல இடங்களில் அளக்கும்போது அறையில் வேறு ஆளே இல்லை. நம் பக்கம் எப்படி? மோட்டாரில் வந்து, படியேறி, கோப்பி ஓ குடித்த கையோடு, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி ஒரே ஒரு முறை. அப்படி எடுத்த 138-ஐ வைத்துக்கொண்டு 120-ஐ நோக்கி மாத்திரையைக் கூட்டினால், செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர் மத்தியான வெயிலில் மயங்கி விழுவார்.

ஆகவே புதிய இலக்கைப் பேசுவதற்கு முன்னால் அளவையைச் சரி செய்யுங்கள்.

– அரை மணி நேரத்துக்குள் கோப்பியோ சிகரெட்டோ கூடாது. சிறுநீர் போய்விட்டு வரட்டும்.
– முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் கூடாது. ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் உட்காரட்டும்.
– வெறும் கையில் பட்டையைச் சுற்றுங்கள், கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். கை தொங்கினால் எண் கூடிக் காட்டும்.
– பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் கூடிக் காட்டும். காற்றுப் பை கைச் சுற்றளவில் 80% நீளம் வர வேண்டும். பெரிய பட்டை ஒன்று கிளினிக்கில் கட்டாயம் இருக்கட்டும்.
– ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். வயதானவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் எழுந்து நின்ற ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மாத்திரையைக் கூட்டும் யோசனையை ஒத்திப்போடுங்கள்.

ஐந்து நிமிடம் உட்காரவைக்க நேரம் ஏது என்று கேட்பீர்கள். பெஞ்சில் எப்படியும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துதான் இருக்கிறார். அளக்கும் மேசையைப் பெஞ்சின் கடைசிக்கு நகர்த்தினால் முடிந்தது.

இங்கே செய்ய முடியுமா?

சான்று சரி, ஆளும் பொருந்துகிறார் என்றாலும் மூன்று கதவுகள் மிச்சம் இருக்கின்றன.

முதல் கதவு மருந்துப் பட்டியல். சுகாதார அமைச்சின் மருந்துகள் ஏ ஸ்டார், ஏ, பி, சி, சி பிளஸ் போன்ற வகைகளாகப் பிரிக்கப்பட்டவை. ஏ ஸ்டாரும் ஏ-யும் சிறப்பு மருத்துவர் தொடங்க வேண்டியவை. பி மருத்துவ அதிகாரி எழுதலாம். சி மருத்துவ உதவி அதிகாரி போன்றோருக்கு, சி பிளஸ் மகப்பேற்றுப் பணியில் இருப்பவர்களுக்கு. நீங்கள் படித்த புதிய மருந்து எந்த எழுத்தில் இருக்கிறது, அலமாரியில் இருக்கிறதா என்று மருந்தாளரிடம் கேட்டுவிட்டு நோயாளியிடம் வாய் திறவுங்கள். தனியார் கிளினிக் என்றால் மாத விலையைக் கேளுங்கள். மூன்று மாதம் வாங்கிவிட்டு நிறுத்தப்போகும் மாத்திரையை ஆய்வில் யாரும் சோதிக்கவில்லை.

இரண்டாவது, பின்தொடர் பரிசோதனை. பெரிண்டோப்ரில், லோசார்டன் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைத் தொடங்கினாலோ கூட்டினாலோ ஒன்று, இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30% வரை ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் காரணம் தேடுங்கள். அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து என்றால் தொடங்காதீர்கள். முதலில் ரத்தம் எடுக்கும் தேதியை வாங்குங்கள்.

மூன்றாவது கதவு நோயாளியின் நாள். இதை எந்த ஆய்வுத்தாளும் சொல்லித் தராது. பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்பு) விடிவதற்கு முன்பே கிளம்புகிறவர் எப்போது சாப்பிடுகிறார்? 'காலைச் சாப்பாட்டுடன்' என்ற மாத்திரையை அவர் பத்து மணிக்குக் காட்டுக்குள் போடுவாரா? வியர்வையில் நனைந்து வேலை செய்கிறவருக்கு நீர் இறக்கும் மாத்திரையும், பெரிண்டோப்ரில் வகையும், கடையில் வாங்கிய வலி மாத்திரையும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று அடி வாங்கும். 'வேற எதும் மாத்திர சாப்பிடுறீங்களா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். 'இடுப்பு வலிக்கு, முட்டி வலிக்கு என்ன போடுறீங்க? ஜாமு ஏதும் உண்டா?' என்று கேளுங்கள் (ஜாமு என்பது மலாய் மூலிகை மருந்து).

எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மருந்துகள் இந்த மூன்றாவது கதவுக்கு நல்ல உதாரணம். 2015-இல் வந்த எம்பா-ரெக் ஆய்வில் 7,020 பேர். எல்லோருக்கும் நீரிழிவும் இதய, ரத்தக்குழாய் நோயும் உண்டு. சுமார் மூன்று வருடத்தில் எந்தக் காரணத்தாலும் இறந்தவர்கள் 8.3%-இலிருந்து 5.7% ஆனார்கள். ஆயிரத்தில் 26 உயிர். மேலே பார்த்த ஆஸ்பிரின் கணக்கோடு வைத்துப் பாருங்கள், எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனால் சர்க்கரை சிறுநீரில் இறங்குவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று 1.8%-இலிருந்து 6.4% ஆனது. நம் ஆட்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கூச்சத்தில் மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, அடுத்த முறை 'சாப்பிடுறேன் டாக்டர்' என்பார்கள். கொடுக்கும் அன்றே நீங்களோ தாதியோ முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: அரிப்பு வரலாம், கழுவி உலர வையுங்கள், வந்தால் மருந்து உண்டு, வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்தது விரதம். தைப்பூசத்துக்கு ஒருவேளை உணவோடு இருந்து, காவடி எடுத்து வெயிலில் நடக்கிறவருக்கு இந்த மாத்திரையோடு நீர் வற்றும் அபாயம் உண்டு. சர்க்கரை அளவு ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு. வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்து, குத்திப் பார்த்தால் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. 'சுகர் ஓகே' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கேதான் ஆள் போய்விடுகிறார். ஜனவரி வருமுன்பே யார் யார் விரதம் என்று கேட்டு, எந்த மாத்திரையை எந்த நாளில் நிறுத்தி எப்போது தொடங்குவது என்று தாளில் எழுதிக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி நாட்களுக்கும் அதே தாள் பயன்படும்.

சொல்லும் விதம்

விழுக்காடு வேண்டாம், ஆட்களாகச் சொல்லுங்கள். அந்த அம்மாவிடம் பேச்சு இப்படிப் போகலாம்:

'அம்மா, ஒங்கள மாதிரி இனிப்பு நீர் இருந்து, நெஞ்சுல இன்னும் ஒண்ணும் வராதவங்க ஆயிரம் பேருன்னு வச்சுக்குங்க. ஏழு வருஷம் இந்த மாத்திர சாப்பிட்டா பதினோரு பேரு மாரடைப்பு, பக்கவாதத்துலருந்து தப்பிக்கிறாங்க. அதே ஆயிரத்துல ஒன்பது பேருக்குப் பெரிய ரத்தக் கசிவு கூடுது. நீங்க முட்டி வலிக்கு வேற மாத்திர போடுறீங்க, வயிறு புண்ணாகும். இத நிறுத்திரலாம்னு நெனைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?'

'நிறுத்துனா ரத்தம் கெட்டியாயிராதா டாக்டர்?'

'ஒங்களுக்கு அடைப்பு வந்ததில்ல, ஸ்டென்ட் வச்சதில்ல. அதனால பயம் இல்ல. ஆனா கொலஸ்ட்ரால் மாத்திரய மட்டும் விட்ராதீங்க, ஒங்களுக்கு அதுலதான் பலன் கூட.'

ஸ்டென்ட் பற்றிய அந்த வரியை ஒருநாளும் விடாதீர்கள். இந்த அம்மா வீட்டுக்குப் போய் 'டாக்டர் ஆஸ்பிரின் வேணாம்னுட்டாரு' என்பார். பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் ஈப்போவில் ஸ்டென்ட் வைத்தவராக இருப்பார், அவரும் நிறுத்திவிடுவார். அவருக்கு அது உயிர் காக்கும் மாத்திரை. 'யாருக்கு வேணாம், யாருக்குக் கண்டிப்பா வேணும்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்லி அனுப்புங்கள். நிறுத்தும் முன் நீங்களும் உறுதி செய்யுங்கள். 'இதய நோய் உண்டா?' என்றால் 'இல்லை' என்பார்கள். 'எப்பவாச்சும் நெஞ்சு வலிச்சுப் பெரிய ஆஸ்பத்திரில படுத்தீங்களா? தொடை வழியாவோ கை வழியாவோ குழாய் விட்டுப் பாத்தாங்களா?' என்று கேட்டால்தான் உண்மை வரும்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்ற பேச்சு எல்லா லயத்திலும் (தோட்டத்து வரிசை வீடுகள்) உண்டு. அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அவிழ்ப்பது சுலபம். நீரிழிவால் சிறுநீரகம் பழுதாகி வடிகட்டும் அளவு 45-க்குக் கீழ் போனால் மெட்ஃபார்மினைக் குறைக்கிறோம், 30-க்குக் கீழ் போனால் நிறுத்துகிறோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'மாத்திரை சாப்பிட்டார், கிட்னி போச்சு, டாக்டரே நிறுத்திட்டார்' என்றுதான் தெரியும். திட்டாமல் இந்த வரிசையைப் பிரித்துக் காட்டுங்கள்.

பழைய சீட்டு உங்களை வெல்லும்

நீங்கள் நிறுத்திய ஆஸ்பிரின் மூன்று மாதத்தில் திரும்பி வந்து நிற்கும். அடுத்த முறை பார்ப்பவர் முந்தைய சீட்டை அப்படியே எழுதியிருப்பார். நிறுத்திய அன்றே மூன்று இடத்தில் மாற்ற வேண்டும்: கோப்பில் காரணத்தோடு ஒரு வரி ('ஆஸ்பிரின் நிறுத்தம், இதய நோய் இல்லை, கசிவு அபாயம், நோயாளி ஒப்புதல், தேதி'), மருந்தகத்தில் இருக்கும் தொடர் சீட்டில், நோயாளி கையிலிருக்கும் புத்தகத்தில். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை அடுத்த முறை கொண்டுவரச் சொல்லுங்கள். பையை மேசையில் கொட்டி எண்ணினால் வாய்மொழியில் வராதது எல்லாம் தெரியும்.

ஒரு மாற்றத்தை எல்லோருக்கும் கொண்டுபோக, வாரக் கூட்டத்தில் பத்து நிமிடம் போதும். கேள்வி, ஆயிரம் பேர் கணக்கு, யாருக்குப் பொருந்தாது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி ஒட்டுங்கள். மருந்தாளரும் தாதியும் அந்தப் பத்து நிமிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். டாக்டர்கள் மட்டும் பேசிக் கலைந்தால் மருந்தகச் சன்னலில் பழையதுதான் நடக்கும்.

மூன்று மாதம் கழித்து, இனிப்பு நீர் கோப்புகளில் வரிசையாக 20 எடுங்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். இதய நோய் இல்லாமல் ஆஸ்பிரினில் இருப்பவர் எத்தனை, காரணம் எழுதியிருப்பது எத்தனை, இதய நோய் இருந்தும் ஆஸ்பிரின் இல்லாதவர் எத்தனை என்று மூன்று எண்கள் போதும். மூன்றாவது எண் பூஜ்யமாக இல்லாவிட்டால், அடுத்த கேள்விக்குப் போகாமல் அன்றைக்கே அந்தப் பெயர்களைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.